விளம்பரம் கொடுத்துத் தேடிய பாரம்பரியம்

1980களில் ஸ்பெயினின் கத்தலோனியப் பகுதியில் உள்ளூர்ச் செய்தித்தாள்களில் ஒரு விளம்பரம் வந்தது. உங்கள் நிலத்தில் என்ன ரகம் என்றே தெரியாத திராட்சைக் கொடி ஏதும் நிற்கிறதா, நின்றால் சொல்லி அனுப்புங்கள் என்று அது விவசாயிகளைக் கேட்டுக்கொண்டது. பழம் கொள்முதலுக்கோ நிலம் வாங்கவோ வந்த விளம்பரமாக இருந்தால் யாரும் இரண்டாம் முறை படித்திருக்க மாட்டார்கள். பெயர் தெரியாத கொடியால் யாருக்கு என்ன லாபம்? வேலியோரத்திலும் கைவிட்ட மேட்டுநிலத்திலும் வெட்ட நேரமில்லாமல் விட்டுவைத்த கொடிகள் அவை. விளம்பரம் கொடுத்தது, பார்சலோனாவுக்கு அருகே பெனடெஸ் வட்டாரத்தில் 1870 முதல் ஒயின் தொழில் நடத்திவரும் டோரஸ் குடும்பம். இதே குடும்பம்தான் 1966இல் அந்த மண்ணில் பிரெஞ்சு ரகமான கேபர்னே சொவினியோனை நட்டு, உள்ளூர் ரகங்களைத் தாண்டி வெளியே பார்த்த முன்னோடி என்று பெயர் வாங்கியிருந்தது.

ஒயின் என்றால் தமிழ்நாட்டில் பேச்சு உடனே டாஸ்மாக்கின் பக்கம் திரும்பிவிடும். பெனடெஸில் அது முதலில் விவசாயம், பிறகுதான் மது. மழை எப்போது பெய்தது, எந்த மண்ணில் எந்தக் கொடி தாங்கும், கூலிக்கு ஆள் கிடைக்குமா என்பவையே அங்கே அன்றாடக் கவலை. அந்தக் கோணத்தில் பார்த்தால்தான் இந்தக் குடும்பத்தின் கதை நமக்குப் பயன்படும்.

குடும்பத் தோட்டம் ஒன்று மரபையும் நவீனத்தையும் இயற்கையையும் சமன்செய்கிறது என்பது ஒயின் எழுத்தில் தேய்ந்துபோன வாசகம். டோரஸ் வீட்டின் ஒன்றரை நூற்றாண்டை நெருங்கிப் பார்த்தால் சமன் எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு காலத்தில் ஒரு பக்கம் முழுவதுமாகச் சாய்ந்திருக்கிறார்கள், பிறகு மறுபக்கம். சில சமயம் அப்படிச் சாய்ந்தவர் ஒரே ஆள்தான். அந்த ஆட்டத்தில் கடைசியாக மேலே வந்தது பாரம்பரியம். ஆனால் அது வீட்டின் பாதாள அறையில் பத்திரமாக இருந்த ஒன்றல்ல. பக்கத்து விவசாயிகளின் வேலியிலிருந்து எடுத்து, ஆய்வுக்கூடத்தில் நோய் நீக்கி, மலை மேல் நட்டுப் பார்த்த பாரம்பரியம்.

தொடக்கமும் மண்ணிலிருந்து வந்ததல்ல. குடும்பச் சொத்து மூத்த மகனுக்கே போகும் கத்தலோனிய வழக்கத்தில் இளைய பிள்ளைகள் பலர் கடல் கடந்தார்கள். ஹைமே டோரஸ் அப்போது ஸ்பெயினின் காலனியாக இருந்த கியூபாவுக்குப் போய், பெட்ரோலியத்திலும் கப்பலிலும் பணம் பார்த்துத் திரும்பினார். அந்தப் பணத்தையும் சகோதரர் மிகேலின் திராட்சை அனுபவத்தையும் சேர்த்து விலாஃப்ராங்கா நகரில் 1870இல் ஒயின் ஆலை எழுந்தது. 1904இல் மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோவுக்கு ஒரு ராட்சத மரத்தொட்டிக்குள்ளேயே விருந்து வைத்தார்கள் என்பது வீட்டுப் பெருமைகளில் ஒன்று. இரண்டாம் தலைமுறை 1928இல் பிராந்தி வடிக்கத் தொடங்கியது. ஸ்பானிய உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1939 ஜனவரியில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஆலை மீது குண்டு விழுந்து எல்லாம் போயிற்று. மூன்றாம் தலைமுறை மிகேல் டோரஸ் கார்போ அதை மறுபடி கட்டினார். பீப்பாயில் மொத்தமாக விற்பதை விட்டு, புட்டியில் அடைத்துச் சொந்தப் பெயர் ஒட்டி அமெரிக்கா வரை கொண்டுபோய் விற்றவர் அவர். 1954இல் வந்த ‘சங்ரே டி டோரோ’ இன்றும் உலகெங்கும் கடைகளில் நிற்கிறது.

இவற்றைவிட முக்கியமானது இடையில் நடந்த ஒரு பேரழிவு. பிலாக்சிரா என்ற நுண்ணிய பூச்சி வட அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது. திராட்சையின் வேரில் தங்கிச் சாற்றை உறிஞ்சும். அமெரிக்கக் காட்டுத் திராட்சைக்கு அதைத் தாங்கும் திறன் உண்டு, ஐரோப்பியத் திராட்சைக்கு இல்லை. 1860களில் தொடங்கிப் பிரான்சு நாசமானபோது கத்தலோனியாவில் ஒயின் விலை ஏறியது. இருந்த மேட்டையெல்லாம் திருத்தி விவசாயிகள் கொடி நட்டார்கள். 1879இல் பூச்சி எல்லையைத் தாண்டிக் கத்தலோனியாவுக்குள் வந்தது, 1880களின் இறுதிக்குள் பெனடெஸை அடைந்தது. நிரந்தரத் தீர்வாக மருந்து கிடையாது. இருந்த ஒரே வழி, அமெரிக்க வேர்ச்செடியை நட்டு அதன் மேல் ஐரோப்பிய ரகத்தின் குச்சியை ஒட்டுக்கட்டுவது. இன்று ஐரோப்பாவில் பருகும் ஒயினில் பெரும்பகுதி இப்படி ஒட்டுக்கட்டிய கொடிகளில் விளைந்ததுதான். பழம் ஐரோப்பியம், வேர் அமெரிக்கம். ‘ஆதிகாலம் தொட்டு’ என்று பேசும் ஒயின் வீடுகளின் தோட்டங்களுக்குப் பெரும்பாலும் நூற்று முப்பது சொச்சம் வயதைத் தாண்டிய கொடி கிடையாது.

அந்தப் பூச்சி கொடியை மட்டும் கொல்லவில்லை. கத்தலோனியாவில் ‘ரபாசா மோர்தா’ என்ற குத்தகை முறை இருந்தது. நிலம் ஒருவருடையது, கொடி வைத்துப் பயிரிடுபவர் வேறொருவர். கொடிகளில் மூன்றில் இரண்டு பங்கு சாகும் வரை குத்தகை செல்லும். கொடிக்கு ஆயுள் நீளம் என்பதால் தலைமுறை தலைமுறையாக நிலம் குத்தகைதாரர் கையில் இருந்தது. பிலாக்சிரா வந்து கொடிகள் மொத்தமாகச் செத்ததும் ஒப்பந்தமும் செத்தது. அடுத்த நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கத்தலோனியக் கிராமங்களில் நடந்த நிலப் போராட்டத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. 1922இல் ரபாசைரேக்கள் எனப்பட்ட அந்தக் குத்தகைதாரர்களின் சங்கமே உருவானது. ஒயின் குடும்பங்களின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் புரட்டுவதில்லை.

மறுநடவு செய்யும்போது எந்த ரகத்தை ஒட்டுக்கட்டுவது என்ற கேள்வி வந்தது. கடனில் இருக்கும் விவசாயி நிறையக் காய்ப்பதை, சீக்கிரம் பழுப்பதை, வியாபாரி கேட்பதைத்தான் நடுவார். சான்ட் சதூர்னி ஊரில் 1872இல் கோதோர்னியு வீட்டின் ஜோசெப் ராவெந்தோஸ் நுரைக்கும் ஒயினைத் தயாரித்திருந்தார், பின்னால் அது காவா என்ற பெயரில் பெருந்தொழிலாக வளர்ந்தது. அதற்கு வேண்டியவை சரேல்லோ, மக்கபெயோ, பரெல்லாதா ஆகிய வெள்ளை ரகங்கள். பெனடெஸ் பெரும்பாலும் வெள்ளைத் திராட்சைப் பூமியாக மாறியது இப்படித்தான். குறைவாகக் காய்த்தவையும் தாமதமாகப் பழுத்தவையும் யாரும் தடை போடாமலே மறைந்தன. ஒட்டுக்கட்ட ஒருவரும் குச்சி வெட்டவில்லை, அவ்வளவுதான்.

நான்காம் தலைமுறை மிகேல் ஆ. டோரஸ் 1941இல் பிறந்தவர். பிரான்சின் திஜோனில் ஒயின் தயாரிப்பியல் படித்துவிட்டு 1962இல் வீட்டுத் தொழிலில் சேர்ந்தார். படித்தது பர்கண்டி ஒயின் வட்டாரத்தில் என்பதால் பார்வையும் பிரெஞ்சாகவே இருந்தது. கேபர்னே சொவினியோன், ஷார்டொனே, பினோ நுவார் என்று உலகம் மதித்த ரகங்கள் பெனடெஸுக்கு வந்தன. வெள்ளை ஒயினை எவர்சில்வர் தொட்டியில், வெப்பத்தைக் கட்டுக்குள் வைத்து நொதிக்கவிடும் முறையும் வந்தது. வெயில் ஊரில் இது சின்ன மாற்றம் அல்ல. நொதிக்கும் சாறு தானே சூடாகும். கட்டுப்பாடு இல்லாவிட்டால் பழ வாசனை ஆவியாகிப் போய், சப்பென்ற ஒயின்தான் மிஞ்சும்.

பலன் 1979இல் தெரிந்தது. பாரிசில் கோ–மியோ பத்திரிகை நடத்திய ‘ஒயின் ஒலிம்பியாட்’ போட்டியின் கேபர்னே பிரிவில், டோரஸின் 1970ஆம் ஆண்டு ‘கிரான் கொரோனாஸ் பிளாக் லேபிள்’, பிரான்சின் போர்தோ வட்டாரத்து ஷாத்தோ லத்தூரை முந்தியது. பின்னாளில் மாஸ் லா பிளானா என்று பெயர் பெற்ற ஒயின் அது. 29 ஹெக்டேர் தோட்டத்தின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அந்த 1970 புட்டியில் ஸ்பானிய ரகங்களும் கொஞ்சம் கலந்திருந்தன என்பதைப் பலர் சொல்வதில்லை. அதே 1979இல் குடும்பம் சிலியின் குரிகோ பள்ளத்தாக்கில் நிலம் வாங்கி, எவர்சில்வர் தொட்டிகளை அங்கும் கொண்டுபோனது.

பிரெஞ்சுக்காரர்களை அவர்கள் ரகத்தை வைத்தே வென்றாகிவிட்டது. பெரும்பாலான வீடுகள் இந்த இடத்தில் நின்று, வென்றதையே இன்னும் நான்கு மடங்கு நட்டிருக்கும். மிகேல் ஆ. டோரஸ் 1980களின் தொடக்கத்தில் வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு பிரான்சின் மொன்பெலியேவுக்குப் படிக்கப் போனார். உலகின் மிகப் பெரிய திராட்சை ரகச் சேகரிப்பு அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அங்கே பேராசிரியர் டெனி பூபால், கத்தலோனியாவின் பழைய ரகங்களில் எஞ்சியிருப்பவற்றைத் தேடிக் காப்பாற்றும் வேலையைப் பற்றிப் பேசினார். செய்தித்தாள் விளம்பரத்தின் பின்னணி இது. கத்தலோனிய மரபைத் தேடச் சொல்லி ஒரு கத்தலோனியரின் மனத்தில் விதை போட்டவர் பிரெஞ்சுப் பேராசிரியர்.

விளம்பரம் எளிது, அதற்குப் பின் வருவதுதான் வேலை. ஒரு விவசாயி தகவல் சொல்கிறார். போய்ப் பார்க்கிறார்கள். பத்தில் பெரும்பாலானவை ஏற்கெனவே தெரிந்த ரகத்தின் வேறு பெயராக இருக்கும். இலையின் வடிவம், குலையின் அமைப்பு, பிறகு மரபணு என்று ஒப்பிட்டு, எந்தப் பட்டியலிலும் இல்லை என்று உறுதியானால்தான் அடுத்த படி. நூறாண்டாகக் கவனிப்பில்லாத கொடியில் வைரஸ் ஏறியிருக்கும். நுனிக் குருத்திலிருந்து துளித் திசுவை எடுத்துத் திசு வளர்ப்பில் நோயில்லாச் செடி உண்டாக்க வேண்டும். அதை வேர்ச்செடியில் ஒட்டி, நட்டு, காய்ப்பதற்கு மூன்று நான்கு ஆண்டு. சில லிட்டர் ஒயின் வடித்துப் பார்ப்பது, வெவ்வேறு மண்ணில் வெவ்வேறு உயரத்தில் மறுபடி நடுவது என்று இன்னும் பல ஆண்டு. ஒயின் நன்றாக வந்தாலும் அரசின் ரகப் பதிவேட்டில் ஏற்றாமல் விற்க முடியாது. ஏற்றிய பின் வட்டாரப் பெயர்க் குறியீட்டு வாரியமும் அனுமதிக்க வேண்டும். ஒரு ரகம் வேலியிலிருந்து புட்டிக்கு வரப் பத்து, இருபது ஆண்டு சாதாரணம். பங்குச் சந்தைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குச் சொல்லும் கம்பெனி இதைச் செய்யாது. குடும்பச் சொத்து என்பதற்கு உண்மையிலேயே ஒரு பொருள் இருக்கிறதென்றால் அது இங்கேதான்.

இதுவரை 50க்கும் மேற்பட்ட ரகங்கள் கிடைத்திருப்பதாகக் குடும்பம் சொல்கிறது. நல்ல ஒயினுக்குத் தகுதி என்று அவர்கள் எடுத்துக்கொண்டவை மிகச் சில: கர்ரோ, கெரோல், மொனேயு, கொன்ஃபாஸ், பிரேனே, வெள்ளையில் ஃபோர்காடா. கர்ரோவும் கெரோலும் ‘கிரான்ஸ் முராயெஸ்’ என்ற ஒயினில் கார்னச்சா, கரின்யேனா போன்ற அறிந்த ரகங்களோடு சேர்ந்து வருகின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த போப்லெட் மடாலயத்தின் சுற்றுச்சுவர் அருகே இருக்கும் தோட்டத்தில் விளைவது அது. இந்தக் கண்டுபிடிப்புகளைக் கொஞ்சம் நிதானத்தோடுதான் பார்க்க வேண்டும். கர்ரோவும், வலென்சியா பக்கம் மாண்டோ என்று அழைக்கப்படும் ரகமும் ஒன்றே என்று பின்னர் தெரிந்தது. வேறு சிறு உற்பத்தியாளர்களும் அதைத் தனியாக மீட்டெடுத்திருக்கிறார்கள். ‘அழிந்ததை உயிர்ப்பித்தோம்’ என்ற விளம்பர வாசகத்தைவிட உண்மை எளிமையானது. அழியவில்லை, எண்ணுவார் இல்லாமல் கிடந்தது.

காப்பாற்றியவர் யார் என்ற கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. நூறு ஆண்டு அந்தக் கொடிகளை உயிரோடு வைத்திருந்தது டோரஸ் குடும்பம் அல்ல, எந்தப் பல்கலைக்கழகமும் அல்ல. சிறு விவசாயியின் சோம்பலும் பிடிவாதமும் வறுமையும் சேர்ந்து காத்த விதைவங்கி அது. டோரஸிடம் இருந்தது பணமும் காலமும் ஆய்வுக்கூடமும். இரண்டும் சேராமல் இந்த வேலை நடந்திருக்காது. ஆனால் புட்டியின் மேல் ஒரு பெயர்தான் இருக்கிறது.

முதலில் இது ஏறக்குறைய ஆராய்ச்சி ஆர்வம்தான். அதற்குத் தொழில் அவசியம் வந்தது வெயிலால். பெனடெஸில் கடந்த நாற்பது ஆண்டுகளில் சராசரி வெப்பம் ஒரு டிகிரிக்கு மேல் உயர்ந்துவிட்டதாகவும், அறுவடை பத்து நாள் வரை முன்னால் வந்துவிட்டதாகவும் குடும்பத்தின் பதிவுகள் சொல்கின்றன. பத்து நாளில் என்ன வந்துவிடும் என்று தோன்றலாம். வெப்பத்தில் பழத்தின் சர்க்கரை வேகமாக ஏறுகிறது, புளிப்பு வேகமாக இறங்குகிறது. தோலும் விதையும் அதே வேகத்தில் முதிர்வதில்லை. சர்க்கரையைப் பார்த்துப் பறித்தால் துவர்ப்பு பச்சையாக இருக்கும். தோல் முதிரக் காத்திருந்தால் ஒயினில் ஆல்கஹால் ஏறி, உயிர்ப்பான புளிப்பு போய்விடும். பழுப்பதற்கே நேரம் எடுத்துக்கொள்ளும் ஃபோர்காடா போன்ற ரகம் இந்த இடத்தில் கைகொடுக்கிறது. கோடையின் உச்சத்தைத் தாண்டி, இரவு குளிரத் தொடங்கும் நாட்களில் அது முதிர்கிறது, புளிப்பையும் விடுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு விவசாயிக்குத் தாமதம் என்றால் இலையுதிர்கால மழையில் பழம் அழுகும் ஆபத்து. எதற்காக இவற்றை ஒதுக்கியிருப்பார்களோ, அந்தக் குணத்துக்காகவே இப்போது தேடுகிறார்கள்.

இன்னொரு வழி மேலே ஏறுவது. ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ 0.6 டிகிரி குறையும். 1990களின் பிற்பகுதியிலேயே பைரனீஸ் அடிவாரத்தில் திரெம்ப் பக்கம் 900 மீட்டருக்கு மேல் நிலம் வாங்கினார்கள், பிறகு அரகோன் பகுதியின் பெனபார்ரேயில் அதைவிட உயரத்தில். வாங்கியபோது திராட்சை பழுக்கவே பழுக்காத குளிர் என்று கருதப்பட்ட நிலம் அது. தொலைநோக்கு என்று இதைப் புகழ்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. மலை ஏறப் பணம் வேண்டும். டோரஸுக்குத் திராட்சை விற்கும் சிறு விவசாயிக்கு இருப்பது பெனடெஸ் சமவெளியில் சில ஹெக்டேர். அவர் எங்கே ஏறுவார்? மழை தவறிய ஆண்டுகளுக்குப் பின் 2024 பிப்ரவரியில் பார்சலோனா வட்டாரத்துக்கு வறட்சி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோதும் அவர் இருந்தது சமவெளியில்தான்.

2007 வாக்கில் முன்னாள் அமெரிக்கத் துணை அதிபர் அல் கோரின் பருவநிலை ஆவணப்படத்தைப் பார்த்த பிறகு மிகேல் ஆ. டோரஸ் ‘டோரஸும் பூமியும்’ என்ற திட்டத்தை 2008இல் தொடங்கினார். லாபத்தில் 11 சதவீதம் இதற்கு ஒதுக்கப்படுவதாகக் குடும்பம் அறிவித்திருக்கிறது. 2020க்குள் ஒரு புட்டிக்கான கரிம உமிழ்வை 30 சதவீதம் குறைக்கும் இலக்கைத் தாண்டினார்கள். 2019இல் கலிஃபோர்னியாவின் ஜாக்சன் குடும்பத்தோடு சேர்ந்து, பருவநிலைக்காக ஒயின் ஆலைகளின் பன்னாட்டுக் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். உமிழ்வுக் கணக்கை வெளியார் தணிக்கை செய்தால்தான் அதில் உறுப்பினராக முடியும். வாய்ச்சொல் மலிந்த துறையில் இந்த நிபந்தனை மதிக்கத்தக்கது.

அதிகம் பேசப்படும் கரிமப் பிடிப்பு மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டியது. சர்க்கரை ஆல்கஹாலாக மாறும்போது ஏறத்தாழ அதே எடைக்குக் கரியமில வாயு வெளியேறும். ஒரு லிட்டர் ஒயினுக்கு 50 லிட்டர் அளவு வாயு. அதைப் பிடித்து, தொட்டிகளில் காற்று புகாமல் காக்க டோரஸ் ஆலையில் பயன்படுத்துகிறார்கள். வெளியில் வாங்கும் வாயு மிச்சமாகும், சரி. ஆனால் அந்த வாயு, அந்த ஆண்டில் கொடி காற்றிலிருந்து இழுத்ததுதான். விட்டாலும் புதிய சுமை இல்லை. ஒயினின் கரிமக் கணக்கில் பெரும் பங்கு கண்ணாடிப் புட்டிக்கும் போக்குவரத்துக்கும். கனமான புட்டி உயர்ந்த ஒயினின் அடையாளம் என்று வாங்குபவர் நினைக்கும் வரை மெல்லிய புட்டிக்கு மாறுவது வியாபாரத்தில் சங்கடம். படம் எடுக்க அழகாக இருப்பது குழாயும் தொட்டியும், உண்மையில் குறைக்கவேண்டியது புட்டியின் எடை.

தோட்டத்தில் நடப்பது அதைவிடச் சுவாரசியம். கொடி வரிசைகளுக்கு நடுவே உழாமல் மூடுபயிர் வளரவிடுவது, மண்ணில் கரிமத்தைச் சேர்ப்பது என்று இப்போது திரும்பியிருக்கிறார்கள். கட்டாந்தரையாக உழுது வைத்த தோட்டமே சுத்தமான தோட்டம் என்று மூன்று தலைமுறை நம்பிய ஊரில், களை மண்டிய நிலத்தை விவசாயி பெருமையாகக் காட்ட நாளாகும். பெனடெஸ் பெயர்க் குறியீட்டு வாரியமே 2025 அறுவடையிலிருந்து இயற்கை வழித் திராட்சையை மட்டும் ஏற்பதென்று முடிவெடுத்தது. ஆகவே இது ஒரு வீட்டின் தனிச் சாதனை என்று சொல்ல முடியாது.

சிலியிலும் அதே ஆட்டம் திரும்ப நடந்தது. எவர்சில்வர் தொட்டியோடு போன குடும்பம், முப்பது ஆண்டு கழித்து, ஏழை விவசாயிகளின் மலிவு ரகம் என்று ஒதுக்கப்பட்ட பாயிஸ் திராட்சையிலிருந்து நுரைக்கும் ஒயின் செய்தது. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர்களே கொண்டுபோன ரகம் அது. ஐந்தாம் தலைமுறை மிகேல் டோரஸ் மக்சாசெக் அப்போது சிலியில் பொறுப்பில் இருந்தார், 2012இல் ஸ்பெயின் திரும்பி மொத்தப் பொறுப்பையும் ஏற்றார். சிலிக் கதையில் எனக்குப் பிடித்தது சுவை அல்ல, கொள்முதல். விலை போகாமல் நின்ற பழத்துக்கு அங்கே வாங்குவோர் கிடைத்தார்கள்.

பெனடெஸில் இனி பார்க்கவேண்டியதும் அதைத்தான். கண்டெடுத்த ரகங்கள் டோரஸின் சொந்தத் தோட்டங்களில், விலை உயர்ந்த புட்டிகளுக்காக மட்டும் வளர்ந்தால் அது ஒரு பணக்கார வீட்டின் அருங்காட்சியகம். உலக ஒயின் நுகர்வு 2024இல் 1961க்குப் பிறகான மிகக் குறைந்த அளவுக்கு இறங்கியதாகப் பன்னாட்டுத் திராட்சை, ஒயின் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. இந்தச் சந்தையில், கேள்விப்படாத ஃபோர்காடாவை நம்பி ஒரு சிறு விவசாயி தன் சரேல்லோவை வெட்ட மாட்டார். விளையும் பழத்தை இன்ன விலைக்கு இத்தனை ஆண்டு எடுத்துக்கொள்கிறோம் என்று டோரஸ் போன்ற வீடுகள் எழுதிக் கொடுத்தால் வெட்டுவார். கொடி உயிரோடு இருக்கும் வரை செல்லும் ஒப்பந்தத்தை ஒரு காலத்தில் எழுதிய ஊர் அது. அப்படியொரு கையெழுத்து வரும் வரை இந்த மீட்பு பாதி வேலைதான்.